செரபினின் தங்கை

எங்கள் குடியிருப்பில் மீன் வாங்குகிற ஒரே மயிலாப்பூர் ஐயர் வீட்டு ஆள் நான்தான். பூனைக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆழ்வார்பேட்டையில் என்னைத் தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொல்லிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு மேல் ஆசை ஒன்றும் கிடையாது. தமிழ் எடுத்தால் மார்க் குறையும் என்று பெற்றோர்கள் என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். பாடம் முடிந்து அதுகள் போனபின் பேச ஆளில்லாமல் இருந்த வீட்டுக்கு ஒரு பூனை வந்தது. பூனையை முன்னிட்டு டெல்பின் வந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பக்கிரி கடலுக்குப் போகிறவர். விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறி எங்கள் பக்கம் வந்துவிடுவாள். அவள் குரல் தெருமுனையில் கேட்டாலே மூன்றாம் மாடிக்காரர் ஜன்னலைச் சாத்துவார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது என்பதாலேயே டெல்பினைப் பிடித்துப்போயிற்று.

வெகுநாள் வரை அவள் பெயர் எனக்குத் தெரியாது. தெருவே 'மீன்காரம்மா' என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒருநாள் சில்லறை இல்லாமல் போனில் பணம் அனுப்பியபோது திரையில் பெயர் வந்தது.

"தெல்ஃபீனா? உன் பேரா?" என்று என் வகுப்பு நாக்கோடு கேட்டுவிட்டேன்.

அவள் கூடையைத் தட்டிச் சிரித்தாள். "இன்னாம்மா, என் பேருக்குப் பவுடர் பூசிட்ட? டெல்பினுன்னு சொல்லு, போதும்."

"அது பிரெஞ்சுக்காரா பேருடி. அர்த்தம் தெரியுமோ?"

"பேருக்கு இன்னா அர்த்தம்? கூப்ட்டா திரும்பணும், அவ்ளோதான்."

எனக்குச் சொல்லிக்கொடுக்கிற வியாதி உண்டு. பூனைக்கான காரப்பொடி மீனை அவள் கூறு போட்டுக்கொண்டிருக்க, நான் ஆரம்பித்துவிட்டேன். கிரேக்க நாட்டில் தெல்ஃபி என்று பழைய புனித ஊர் ஒன்று. அந்த ஊர்க்காரி என்று ஓர் அர்த்தம். டால்ஃபினுக்கான கிரேக்கச் சொல்லும் அதே வேர்தான், அதனால் கடலில் துள்ளுகிற ஓங்கில் என்றும் சொல்வார்கள். பிரான்சின் தெற்கே இந்தப் பெயரில் ஒரு புனிதையும் இருந்தாள்.

டெல்பினுக்குப் புனிதை காதில் விழவில்லை. "ஓங்கிலா? வலைய கிழிக்குமே, அதுவா? ஐயே! எங்க ஊட்டுக்காரர் கைல சொல்லிடாதம்மா, மானம் பூடும்."

பெயர் வந்த கதையை அவள்தான் சொன்னாள். அப்பா சவரிமுத்து. முதல் பெண் கான்வென்ட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, புதுச்சேரியிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார சிஸ்டர் ஒருத்தி ஜோஸ்பின் என்று வைக்கச் சொன்னாள். அந்தச் சத்தம் சவரிமுத்துவுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டாவது பிறந்ததும் நேராக சிஸ்டரிடம் போய், அதே மாதிரி முடிகிற பெயர் வேண்டும் என்று நின்றார். செரபின் கிடைத்தது. மூன்றாவதுக்கு வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு ஆரோக்கியமேரி என்று வைக்க அம்மா ஆசைப்பட்டாள். அப்பா கேட்கவில்லை. ஜோடி சேராத பெயரை எப்படிக் கூப்பிடுவது என்று சிஸ்டரிடமே மறுபடி ஓடினார். வந்தது டெல்பின்.

"உங்கப்பா கவிஞர்" என்றேன். கடைசி எழுத்துகள் ஒத்துப்போவதைத் தமிழில் இயைபு என்பார்கள் என்று சொல்லி, பிரெஞ்சில் அவள் பெயருக்கு இயைபு தேடினால் முதலில் வருவது 'ஃபீன்' என்ற சொல், அதற்கு மெலிந்தவள் என்று அர்த்தம் என்றும் சொன்னேன். டெல்பின் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடி ஜன்னல் மறுபடி சாத்திக்கொண்டது.

பிறகு அவள் கேட்டாள். "ஜோஸ்பினுக்கு இன்னா?"

"கடவுள் இன்னும் தருவார்னு அர்த்தம்."

"தந்தாரே, பின்னாடியே ரெண்டு." குரலைத் தாழ்த்தி, "செரபினுக்கு?"

"எரியறவள்னு அர்த்தம். கடவுள் சிம்மாசனத்துக்கு ரொம்பக் கிட்டக்க நிக்கற தேவதைகளுக்கு அந்தப் பேரு. அன்பினால எரிஞ்சுண்டே இருப்பாளாம்."

அவள் கை தன்பாட்டுக்கு மீனைப் பொட்டலம் கட்டியது. அன்று பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மீன் விழுந்திருந்தது என்பதை அவள் போன பிறகுதான் பார்த்தேன்.

அப்புறம் பல காலைகளில், கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் மீதியைச் சொன்னாள். செரபின் தி.நகரில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த ஷரஃபுதீனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு ஆதம்பாக்கம் போய்விட்டாள். சிம்ரா என்று பெயர் மாற்றிக்கொண்டாள். நல்ல மனுஷன், நல்ல குடும்பம், அதில் டெல்பினுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாதான் கடைசி வரை முகம் கொடுக்கவில்லை. அவர் போனபின் அக்கா ஜோஸ்பின் இரண்டு பக்கமும் போய்வந்து, கல்யாணம் காட்சி என்று இழுத்துப் பிடித்து வைத்திருந்தாள்.

"ஜோஸ்பினக்கா பூட்டா. மூணு வருசமாச்சு. அன்னிக்கு செரபின் வந்தா, அவுங்க ஊட்டு ஆளுங்களோட தள்ளி நின்னுகினு இருந்தா. சவப்பெட்டிய மூட்றப்போ அவ கெளம்பிட்டாம்மா. 'செரபினூ'ன்னு கத்திட்டேன், இந்தத் தெருவுல கத்துவனே, அப்பிடி. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கோ. அவ திரும்பல. நேரா போயி ஆட்டோல ஏறிட்டா."

அன்றோடு பேச்சு நின்றது. இவள் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை.

"கோபமா உனக்கு?" என்றேன்.

"கோவம் இன்னா கோவம்." மூக்கைச் சிந்தினாள். "எங்க ஊட்டுக்காரர் கட்டின நாள்லேந்து 'இந்தாமே'ன்னுதான் கூப்புடுவாரு. ஜெனிதாவுக்கு நான் அம்மா. குப்பத்துல பக்கிரி பொண்டாட்டி. தெருவுல மீன்காரம்மா. அப்பா இல்ல, அம்மா இல்ல, ஜோஸ்பினக்கா இல்ல. என் பேரச் சொல்லிக் கூப்புட்றதுக்கு உலகத்துல அவ ஒருத்திதாம்மா பாக்கி கீறா. அவ வாயால ஒரு தபா கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

நான் கூப்பிடுகிறேனே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நான் கூப்பிட்டால் அது பவுடர் பூசின பெயர்.

வேளாங்கண்ணித் திருவிழா கொடியேற்றம் முடிந்த வாரத்தில் வந்து நின்றாள். தலைக்குப் பூ, நல்ல புடவை, கூடைக்குப் பதிலாக மூடிபோட்ட தூக்கு. உள்ளே சங்கரா மீன், சுத்தம் செய்தது. ஆதம்பாக்கம் போகிறாளாம், நானும் வரவேண்டுமாம்.

"நான் எதுக்குடி?"

"அவ பேருக்கு அர்த்தம் சொன்னியே, அத வந்து சொல்லு. சொம்மா போயி நின்னா எதுக்கு வந்தேன்னு கேப்பா. படிச்சவங்களக் கூட்டியாந்தா ஒரு சாக்கு கீது இல்ல?"

மீன் தூக்கோடு ஆட்டோவில் ஆதம்பாக்கம் வரை என்னைக் கூட்டிப்போக யாருக்காவது தைரியம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. போனேன். வழி நெடுக டெல்பின் தூக்கு மூடியை அழுத்திக்கொண்டே வந்தாள். கிண்டி தாண்டியதும் 'திரும்பிடலாமா' என்றாள். 'வாயை மூடிண்டு உக்காரு' என்றேன்.

கீழே ஷரஃபுதீனின் பிளவுஸ் கடை, மேலே வீடு. அவர்தான் முதலில் பார்த்தார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்று, "வாங்க மச்சினி, வாங்கம்மா" என்று மாடிக்கு வழி காட்டினார். எங்களை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டார், மரியாதை தெரிந்தவர்.

சிம்ரா சமையலறை வாசலில் நின்றாள். டெல்பினின் அதே மூக்கு, அதே அகலமான நெற்றி. "வாங்க, உக்காருங்க" என்றாள். அந்த 'வாங்க' எங்கள் இருவருக்கும் சேர்த்தா, தங்கையையே அப்படிச் சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. டெல்பினுக்கும் புரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. சிம்ரா தூக்கை வாங்கிக்கொண்டாள், டீ கொண்டுவந்தாள், ஜெனிதா எப்படி இருக்கிறாள் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அரைமணி நேரம் யாரும் யாரையும் பெயர் சொல்லாமல் பேசினோம்.

எனக்குப் பொறுமை கிடையாது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே பாடத்தை ஆரம்பித்தேன். ஜோஸ்பின் என்றால் இது, டெல்பின் என்றால் இது. டெல்பின் 'ஓங்கிலாம்டி' என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். சிம்ராவின் உதடு ஓரம் லேசாக அசைந்தது. செரபின் என்றால், என்று நான் தொடங்கியதும் அவள் கையை உயர்த்தினாள்.

"அது வேணாங்க."

டெல்பின் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு நான் கத்தினது தப்புதான். உங்க ஊட்டு ஆளுங்க முன்னாடி அந்தப் பேர..."

"ஊட்டு ஆளுங்க ஒண்ணும் நெனைக்கல. 'ஒன் தங்கச்சி கூப்புடுது, போ'ன்னு எங்க வீட்டுக்காரரே சொன்னாரு." சிம்ரா முந்தானையை விரலில் சுற்றினாள். "நான் ஊட்ட உட்டு வந்தேனே, அப்போ நீ தண்ணி புடிக்கப் போயிருந்த. அப்பா வாசப்படியில நின்னாரு. திட்டல, அடிக்கல. 'நான் வெச்ச பேர எனக்குத் திருப்பிக் குடுத்துட்டுப் போ'ன்னாரு. குடுத்துட்டேன்னு சொல்லிட்டுதான் வந்தேன். அவரு பேச்சுல நான் கேட்டது அது ஒண்ணுதான். இத்தினி வருசமா அதையாவது காப்பாத்திகினு கீறேன். அன்னிக்கு நீ கூப்ட்டப்போ கால் ரெண்டும் திரும்பிடுச்சு. புடிச்சு இழுத்துகினு போனேன்."

டெல்பின் எழுந்துபோய் அவள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். ஒருத்தி முழங்காலில் ஒருத்தி கை கிடந்தது. இரண்டு பேரும் அழுதார்கள், சத்தமில்லாமல். நான் ஜன்னல் வழியாக எதிர் மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போன மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தனை ஆசையாக அலைந்து வாங்கிய பெயரைத் திருப்பிக் கேட்க அவருக்கு எப்படி மனசு வந்தது?

"அப்போ நான் ஒன்ன இன்னான்னு கூப்புட்றது?" என்று டெல்பின் கேட்டாள்.

"சிம்ரான்னே கூப்புடு. நல்ல பேருதான். நானே தேடி வெச்சிகினேன்."

"சரி, சிம்ரா" என்றாள் டெல்பின். அடம் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மீனை எப்படி வைக்கவேண்டும், எவ்வளவு புளி என்று இருவரும் வாக்குவாதம் செய்தார்கள். 'வாங்க' போய் 'வா, போ' வந்துவிட்டது. ஆனால் டெல்பின் எதற்காக வந்தாளோ, அது மட்டும் சிம்ராவின் வாயிலிருந்து வரவில்லை. இந்தா, ஏய், பாரு என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள். தன் பெயரோடு ஜோடி சேர்த்து வைத்த பெயர். ஒன்றைச் சொன்னால் மற்றதும் கூடவே வாய்க்கு வந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. டெல்பின் கேட்கவும் மாட்டாள். கேட்டு வாங்கினால் அது கூப்பிடுவது ஆகாது.

கிளம்பினோம். படியிறங்கி, ஷரஃபுதீனிடம் சொல்லிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். "நல்லா கீறா, இல்லம்மா? அது போதும்" என்று டெல்பின் சொன்னாள். குரலில் போதும் என்பதே இல்லை. தெருமுனையில் ஆட்டோவைக் கைகாட்டப் போன நேரத்தில் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"டெல்பினூ!"

நான் திரும்பிப் பார்த்தேன். சிம்ரா செருப்புக்கூடப் போடாமல், கழுவின தூக்கில் எதையோ நிரப்பி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். குப்பத்துக் குரல், தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். என் பக்கத்தில் டெல்பின் அசையாமல் நின்றாள்.

"உங்கக்கா கூப்பிடறா" என்றேன்.

"கேக்குது. சும்மா இரும்மா."

"டெல்பினூ! ஏய்!"

திரும்பவில்லை. என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள்.

"திரும்பேன்டி, பாவம், வெறுங்காலோட ஓடி வரா."

"இன்னொரு தபா கூப்புடட்டும்" என்றாள்.