ஒன்றிலிருந்து ஆயிரம் வரை

எங்கள் துறைத் தலைவருக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதத் தெரியாது. அது ஒன்றும் குற்றமில்லை. எனக்கும்தான் சமையலில் பாதி தெரியாது. ஆனால் நான் அடுத்த வீட்டுக் குழம்பைத் தூக்கிவந்து என் பாத்திரத்தில் ஊற்றி யாருக்கும் விருந்து வைத்ததில்லை.

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் நான் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால், ஒவ்வொரு ஜூன் மாதமும் அலுவலக வாசலில் நின்று, "இந்த வருஷமும் இருங்க மேடம்" என்று ஒருவர் சொல்வதற்காகக் காத்திருப்பது. அந்த வருஷம் அதுவும் இல்லை என்றாகிவிட்டது. எங்கள் துறையில் தற்காலிகமாக இருப்பவர்களில் ஒருவரை நிரந்தரமாக்குவார்கள், மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

வீடு அடி அண்ணாமலையில். அம்மாவும் நானும்தான். அம்மா கிரிவலப் பாதையில், வீட்டு வாசலிலேயே ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். மற்ற நாளில் பீடியும் பிஸ்கெட்டும், பௌர்ணமிக்கு மோரும் தண்ணீர் பாட்டிலும். முட்டி தேய்ந்து நடை விட்டுப்போச்சு. இந்த வேலை போனால் நான் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். அம்மா வரமாட்டாள்.

"மெட்ராஸ்ல போயி நான் யார் மூஞ்சப் பாத்துகினு குந்திகினு இருக்கறது? நீ போ. நான் எப்படியோ இருந்துக்கறேன்" என்பாள். எப்படியோ என்றால் எப்படி? காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பதே நான்தான்.

இதெல்லாம் தலைவருக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது மேடம். காட்டறதுக்கு லேப்ல புதுசா ஏதாச்சும் செய்ங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

நான் செய்தேன். ஒரு ஃபில்டர் சர்க்யூட் எந்தச் சத்தத்தை உள்ளே விடும், எதைத் தடுக்கும் என்பதை பிரவுசரிலேயே வரைந்து காட்டுகிற ஒரு பக்கம். மாணவர்கள் செல்போனிலும் திறந்து பார்க்கலாம். எங்கள் லேப் கருவிகளில் பாதி தூசி தட்டினால்தான் எரியும். மீதி தட்டினாலும் எரியாது. அதனால் இது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தேன்.

அந்தப் பக்கத்தின் அஸ்திவாரம் ஒரு சின்ன ஃபங்ஷன், ஒரே ஒரு வேலை செய்கிற நிரல் துண்டு. காலியாக இருக்கும் ஒரு வரிசையை வாங்கி, அதைக் கலப்பெண்களால் நிரப்பித் தர வேண்டும். ஆனால் சம இடைவெளியில் நிரப்பினால் ஆகாது, மடக்கை அளவில் நிரப்ப வேண்டும். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல இத்தனை மடங்கு என்று போக வேண்டும். ஏனென்றால் நம் காது அப்படித்தான் கேட்கிறது. வகுப்பில் இதைச் சொல்ல நான் ஒரு வழி வைத்திருந்தேன். டீக்கடையில் பத்து பேர் நிற்கும்போது இன்னும் பத்து பேர் வந்தால் மாஸ்டர் முகம் மாறும். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் நெரிகிற செங்கம் ரோட்டில் பத்து பேர் கூடுதலாக வந்தால் எவனுக்குத் தெரியும்? அங்கே கூட்டம் ஜாஸ்தி என்று தோன்ற வேண்டுமானால் அதுவும் இரண்டு மடங்காக வேண்டும். கடைசி பெஞ்சும் இதற்குத் தலையாட்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் கலப்பெண்ணுக்கென்று தனி இடம் கிடையாது. ஒரே நீள வரிசையில் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி, மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று ஜோடி ஜோடியாக உட்கார வைக்க வேண்டும். என் கணக்கில் மெய்ப்பகுதி எல்லாம் பூஜ்ஜியம். அதிர்வெண் போய் உட்காருவது கற்பனைப் பகுதியில். முதல் நாள் இரண்டு இரண்டாகத் தாண்டுவதற்குப் பதில் ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டேன். எண்கள் எல்லாம் பாதி வரிசையில் வந்து நெருக்கியடித்துக்கொண்டன, மீதி பாதி காலி. இன்னொரு தொல்லை, கடைசி எண். படிப்படியாகப் பெருக்கிப் போனால் ஆயிரத்துக்குப் பதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது என்று முடிவில்லாமல் வந்து நிற்கும். அந்த ஒன்றை மட்டும் கணக்குப் போட்டு எடுக்காமல் நாமே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இதெல்லாம் சரியாக அமைந்து, வளைவு முதன்முதலில் திரையில் வழுக்கிக்கொண்டு இறங்கியபோது, ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாததால் நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அந்த ஒரு மத்தியானம்தான்.

பக்கத்தின் மேலே இரண்டு பெட்டிகள்: எதிலிருந்து, எது வரை. நான் அதை, அதிர்வெண்ணை அளக்கிற ஹெர்ட்ஸிலேயே வைத்திருந்தேன். ஒன்று என்று போட்டால் ஒரு ஹெர்ட்ஸ், ஆயிரம் என்று போட்டால் ஆயிரம் ஹெர்ட்ஸ். பெரிய மென்பொருள்களில் அப்படி இருக்காது. அங்கே பத்தின் அடுக்கைக் கேட்பார்கள். ஒன்றுக்குப் பூஜ்ஜியம், ஆயிரத்துக்கு மூன்று. பழகியவர்களுக்கு அது சரி. பழகாதவன் ஆயிரம் என்று அடித்தால் அது ஆயிரம் ஆகாது. ஒன்றுக்குப் பின்னால் ஆயிரம் சைபர் போட்ட எண் ஆகிவிடும். அவ்வளவு பெரிய எண்ணை ஜாவாஸ்கிரிப்டால் தாங்க முடியாது. முடிவிலி என்று சொல்லிக் கையை விரித்துவிடும். அதை வைத்துக் கலப்பெண் கணக்குப் போட்டால் விடை 'எண் அல்ல' என்றே வரும்.

தலைவர் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இன்னா மேடம் இது, எல்.கே.ஜி. பசங்களுக்குச் செஞ்சா மாதிரி? உலகம் பூரா அடுக்குதான் கொடுக்கறாங்க. வரவங்க பெரிய ஆளுங்க. அதே மாதிரி மாத்துங்க."

"சார், நம்ம பசங்க ஹெர்ட்ஸ்லதான் யோசிப்பாங்க. தெரியாம யாராச்சும் ஆயிரம்னு போட்டுட்டா மொத்தமும் பூடும்."

"அவ்ளோ கூடத் தெரியாதவன் எதுக்கு இன்ஜினீயரிங் படிக்கறான்?"

மாற்றினேன். தப்பாக அடித்தால் எச்சரிக்கிற மாதிரி ஒரு வரி போடலாமா என்று கேட்டேன். சிவப்பெழுத்தில் எச்சரிக்கை வந்தால் கமிட்டிக்கு முன்னால் அசிங்கம் என்றார். அதையும் விட்டேன். அதற்கப்புறம் பக்கத்தின் தலைப்பில் அவர் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னார். 'கருத்தும் உருவாக்கமும்' என்று போட்டு, முனைவர் பட்டத்தோடு. நான் மெதுவாகக் கேட்டேன்.

"சார், என் பேரு..."

"முதல்ல இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்மா. உன் பேரு எங்க ஓடிடப் போவுது?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். அவருடைய பெயரை என் கையாலேயே தட்டச்சு செய்து, பெரிய எழுத்தாக்கி, நடுவில் நிறுத்தினேன். கோபமாகத்தான் இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மாலையில் போய் அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்தேன்.

கமிட்டி வரும் நாளைப் பௌர்ணமிக்கு முந்தின நாளாகப் பார்த்து வைத்தார்கள். விருந்தாளிகளுக்குத் தரிசனமும் ஆச்சு, ஆய்வும் ஆச்சு. காலையிலேயே அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப்போய், சிறப்பு வழியில் உள்ளே விட்டு, மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். மூன்று பேர், நெற்றி நிறைய விபூதியோடு எங்கள் லேபுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. அவர்களில் மூத்தவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர், மெலிந்த மனிதர். முகத்தில் கடுகடுப்பில்லை.

திட்டப்படி கணினியில் உட்கார வேண்டியது நான். பெட்டிகளில் பூஜ்ஜியமும் மூன்றும் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். பட்டனை அமுக்கினால் போதும். ஆனால் தலைவர் என் நாற்காலியை இழுத்துத் தானே உட்கார்ந்துகொண்டார். எனக்கு மேஜைக்குப் பின்னால், ஏ.சி. தண்ணீர் சொட்டுகிற மூலையில் இடம் கிடைத்தது.

"நான் ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்த ஐடியா சார்" என்று ஆரம்பித்தார்.

மூத்தவர் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கே. சரி, ஒரு ஹெர்ட்ஸ்லேர்ந்து ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் காட்டுங்களேன்."

பெட்டியில் ஏற்கெனவே இருந்ததே அதுதான். பூஜ்ஜியமும் மூன்றும் அதற்குத்தான் இருந்தன. தலைவர் சும்மா பட்டனை அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. பூஜ்ஜியத்தை அழித்தார், ஒன்று போட்டார். மூன்றை அழித்தார். ஆயிரம் என்று ஒவ்வொரு சைபராக, சத்தம் வர, அடித்தார். "சார்" என்று கூப்பிட வாயெடுப்பதற்குள் பட்டனை அமுக்கிவிட்டார்.

திரை வெள்ளையாக நின்றது. வளைவு இல்லை. அச்சின் ஓரத்தில் முடிவிலி என்று ஒரு சொல். கீழே இருந்த அட்டவணை முழுக்க 'எண் அல்ல' என்பதற்கான ஆங்கில எழுத்துகள், மேலிருந்து கீழ்வரை.

அவர் இன்னொரு தடவை அமுக்கினார். அப்புறம் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு நாற்காலியோடு திரும்பினார்.

"இன்னா மேடம் இது? செக் பண்ணவே இல்லையா?" கமிட்டியைப் பார்த்து, "புரோகிராம் இவங்க எழுதினது சார். டெம்பரரி ஸ்டாஃப்" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை நாளாக என்னுடைய வேலை என்று ஒருவரிடமும் சொல்லாதவர், அது உடைந்த நிமிஷத்தில் தாராளமாக எனக்கே கொடுத்துவிட்டார்.

மூத்தவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "ஏம்மா, ஆயிரம்னு போட்டா ஆயிரம் ஹெர்ட்ஸ் வரணும்னுதானே ஒரு ஸ்டூடன்ட் நினைப்பான்? அதை நீ யோசிச்சிருக்க வேணாமா?"

நான் சொன்ன அதே வார்த்தை. ஹெர்ட்ஸில் எழுதிய பழைய பக்கம் அதே கணினியில் இருந்தது. இரண்டு முறை அழுத்தினால் திறந்திருக்கும். "சார்தான் மாத்தச் சொன்னாங்க" என்று ஒரே வரி. நாக்கின் நுனியில் நின்றது. தலைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரைப் பரிந்துரைக்க வேண்டியவர் அவர். அம்மாவின் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"என் தப்புதான் சார்" என்றேன்.

சொல்லிவிட்டுப் போய்ப் பூஜ்ஜியமும் மூன்றும் போட்டேன். வளைவு அழகாக வந்தது. மூத்தவர் தலையாட்டினார். தலைவருக்கு உயிர் திரும்பியது. எழுந்து நின்று, மடக்கை அளவு ஏன் வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். "இப்ப பௌர்ணமிக்கு எங்க செங்கம் ரோட்டுல பத்து பேர் எக்ஸ்ட்ரா வந்தா தெரியுமா சார்?" என்று கேட்டார். கமிட்டி சிரித்தது. "நல்ல உதாரணம்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன் என்று சும்மாவா சொன்னார்கள்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வராந்தாவில் தலைவர் என்னை ஒதுக்கி நிறுத்தினார். நன்றி சொல்வார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அந்த பாக்ஸை ஹெர்ட்ஸுக்கே மாத்திடு. பசங்களுக்கு அதான் ஈஸி" என்றார்.

அன்று சாயங்காலமே மாற்றினேன். உள்ளே வருகிற எண்ணுக்கு மடக்கை எடுக்கிற ஒரே வரி, ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. தலைப்பில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் இப்போதும் அந்தப் பக்கத்தில்தான் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். 'சார் பேஜ்' என்று அதற்குப் பெயர்.

ஜூனில் ஆணை வந்தது. நிரந்தரம், எனக்குத்தான். முதல்வர் அறையில் கையில் கொடுக்கும்போது தலைவரும் பக்கத்தில் இருந்தார். "திறமை எல்லார்கிட்டயும் இருக்கும்மா. கமிட்டி முன்னாடி நீ காட்டின அந்தப் பணிவு இருக்கு பாரு, அதைத்தான் நான் நிர்வாகத்துல எடுத்துச் சொன்னேன்" என்றார். முதல்வரும் ஆமாம் என்றார். தவளை தன் வாயால் கெட்டது என்பார்கள். நான் என் வாயால் பிழைத்தேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்கிறாள். மோர் குடிக்க நிற்கிற ஆந்திராக்காரர்களுக்குக்கூடப் பாதி தெலுங்கில் சொல்கிறாள். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கு எழுதினா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து பாத்துட்டு, அந்தக் கணக்குக்காகவே வேலைய பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

பக்கத்தில் நின்று தயிர் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்கிறேன். இல்லையம்மா என்று ஒரு நாளாவது சொல்லிவிட நினைக்கிறேன். நான் எழுதிய கணக்குக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நான் செய்யாத தப்பை என்னுடையது என்று சொன்னேன், அதற்குத்தான் மாதாமாதம் சம்பளம் வருகிறது.