ஜெல்கோட் அடித்த சின்னக்கருப்பன்

மேலூர் சாலையில் ஹரிராம் ஃபைபர் பட்டறை தொடங்கியபோது, குடும்பத் தொழிலான தறியை விட்டுவிட்டு நாற்றத்தைப் பிடித்துக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து வார்க்கும் பஸ் சீட்டுகள்தான் தொழில். நார் போடுமுன் அச்சில் அடிக்கும் நிறப்பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். ஸ்ப்ரே கன்னால் அடித்தால் பாதி அச்சில் ஒட்டும். மீதி புகையாகப் பட்டறை முழுக்கச் சுற்றும். கொட்டாம்பட்டிச் சின்னக்கருப்பன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் ஒன்பது வருடம் நின்றார். அவர் அடித்த பூச்சில் ஒரு திட்டு இருக்காது.

1998இல் கோயம்புத்தூர்க் கண்காட்சியில் ஹரிராம் வேறொரு கன்னைப் பார்த்தார். அது பூச்சைக் காற்றில் தூளாக்காமல் மெல்லிய இழைகளாக அச்சின்மேல் வார்த்தது. பக்கத்திலேயே நின்றும் கண் எரியவில்லை. விவரத்தாளை வாங்கிவந்து மேசைக்குள் போட்டார். புதுசு கைக்குப் பழகும்வரை பத்து நாள் வேலை கெடும், சீட்டுகளோ அவசரம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் ஓட்டினார்.

2001 சித்திரையில் சின்னக்கருப்பன் அச்சின்மேலேயே சாய்ந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது, இனி அந்த வேலைக்கே போகக்கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஹரிராம் உடனே புது கன்னை வரவழைத்தார். பட்டறையில் காற்று தெளிந்தது. ஹரிராமுக்குச் சோறு இறங்கவில்லை.

கொட்டாம்பட்டிக்குப் போனார். சின்னக்கருப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி ராமக்காள் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பா, புது கன் வந்துருச்சு. புகையே இல்ல."

"நல்லது மொதலாளி. இப்பத்தேன் கண்டுபிடிச்சாகளாக்கும்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லப்பா. மூணு வருசத்துக்கு முந்தியே பாத்துட்டேன். நாந்தான் தள்ளிப் போட்டேன்."

ராமக்காளின் கை நின்றது. "தெரிஞ்சுக்கிட்டேவா இவர அதுக்குள்ள நிக்க விட்டீக?"



சின்னக்கருப்பன் ஹரிராமைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப யாரு அடிக்கிறா?"

"நம்ம நார் போடுற காளை."

"அவென் கை பறக்கும். நிதானமா அடிக்கச் சொல்லுங்க." மூச்சு வாங்கியது. "நான் ஒருக்கா வந்து பாக்குறேன்."

"அவரு வர மாட்டாரு" என்றாள் ராமக்காள். புளிச் சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகும் ஞாயிறுதோறும் ஹரிராம் போனார். சின்னக்கருப்பன் பட்டறைக் கதை கேட்பார்; ஹரிராம் நின்றபடியே சொல்வார். இரண்டு வருடம் கழித்து ராமக்காள் ஒருநாள் "உக்காருங்க" என்றாள்.