பெண் பார்க்கப் போன டிராம்போன்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் புதுக்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் காற்று ஊதுகிற வேலைக்கு மாறினேன். பட்டாளத்தில் கிளாரினெட் வாசித்துவிட்டு ஊருக்கு வந்த ஒருவர் கல்யாண பேண்டு ஆரம்பித்து ஆள் தேடிக்கொண்டிருந்தார். மூச்சை இழு, விடு என்று சோதிப்பார் என்று பார்த்தால், "கைய நீட்டு" என்றார். நீட்டினேன். "பாஸ் டிராம்போனுக்கு ஆள் கெடைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர்தான் எங்கள் மாஸ்டர்.

பாஸ் டிராம்போன் என்பது மடித்துவிட்ட நீளமான பித்தளைக் குழல். அதில் ஒரு பகுதியை முன்னால் தள்ளியும் பின்னால் இழுத்தும்தான் சுரம் பிடிக்க வேண்டும். முழுசாகத் தள்ளினால் கைக்கு எட்டாது என்பதால் அதற்கென்று ஒரு பிடி வேறு வைத்திருக்கும். இவ்வளவு நீளம் இருந்தும் அதற்குத் தனிப் பாட்டு கிடையாது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பாடும். நான் அடியிலிருந்து 'பூம், பூம்' என்று தாங்கிக்கொடுப்பேன். பந்தலுக்கு வந்தவர்கள் ஜோடனையைப் பார்ப்பார்களா, மூங்கிலைப் பார்ப்பார்களா?

அதிலும் நான் வாசிக்கிற நேரத்தைவிட வாசிக்காமல் நிற்கிற நேரம் அதிகம். மற்றவர்கள் பாடும்போது நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே நின்று, என் முறை வந்ததும் சரியாக விழ வேண்டும். நடுவில் தும்மினாலும் கணக்குப் போய்விடும். மாஸ்டர் சொல்லுவார், "ஊதத் தெரிஞ்சவன் நூறு பேரு, ஊதாம இருக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்" என்று. எனக்குச் சம்பளம் ஏற்றிக்கொடுக்காமல் இருக்கவும் அவர் இதே வாக்கியத்தைத்தான் பயன்படுத்துவார்.

அறந்தாங்கியில் ராவுத்தர் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம், திருமயத்துப் பக்கம் செட்டியார் வீட்டுக் கல்யாணம் என்று சுற்றினோம். ஊருக்கெல்லாம் கல்யாணம் வாசித்த எனக்குத்தான் பெண் கிடைக்கவில்லை. "ஊதுறவனுக்குப் பொண்ணக் குடுத்தா அவ அடுப்பத்தான் ஊதணும்" என்று ஒரு வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் அதுகூடச் சொல்லவில்லை. எனக்குப் பெண் அமைய வேண்டும் என்று என் ஆத்தா சாமிக்கு நேர்ந்துவிட்ட வெள்ளாடு குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டுவிட்டது.

அப்போதுதான் ஆலங்குடியிலிருந்து ஒரு தரகர் வந்தார். அங்கே ஒரு கடலை வியாபாரி எங்கள் ஊர்வலத்தைப் பார்த்தாராம். என்னை ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். "பொண்ணு பாக்க வாங்க. வரும்போது கொழலையும் கொண்டாரச் சொன்னாரு, ஒரு பாட்டு கேக்கணுமாம்" என்றார். பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்பதுதான் ஊர் வழக்கம். இங்கே மாப்பிள்ளையை.

ஆத்தாவும் நானும் பஸ் ஏறினோம். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "உள்ள என்னங்க, துப்பாக்கியா?" என்றார்.

"ஊதுறதுப்பா. வாய வச்சாத்தான் வெடிக்கும்" என்றாள் ஆத்தா. நான் வெற்றிலை பாக்குத் தட்டை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த இடமும் தட்டிப்போனால் இனி யார் வாசலையும் மிதிக்கமாட்டேன் என்று ஆத்தா முதல்நாளே சொல்லிவிட்டாள்.

கடலை வியாபாரியின் வீட்டு முற்றத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் ஒரு கோழி குந்தியிருந்தது. பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். நான் பார்த்தது ஒரு மூக்குத்தியும் ஒரு சிரிப்பை அடக்குகிற உதடும்தான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அதுவரைக்கும் ஆத்தாவின் கவலையாக இருந்தது, அந்த நிமிஷத்திலிருந்து என் கவலையாகிவிட்டது.

"எங்க தம்பி, நம்மூர்ல வாசிச்சுக்கிட்டுப் போனீங்களே, அந்த ஊர்வலப் பாட்ட எடுத்துவிடுங்க" என்றார் வியாபாரி.

தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றைத் தட்டுத்தடுமாறி ஊதியிருக்கலாம். அந்தப் புத்தி அப்போது வரவில்லை. ஊர்வலப் பாட்டு என்றால் என் கைக்குத் தெரிந்தது என் பங்கு மட்டும்தான். அதையே ஆரம்பித்தேன். பூம், பூம், பூம். அப்புறம் கிளாரினெட் பாடுகிற இடம் வந்தது. குழலை உதட்டில் வைத்தபடி, கண் எதிர்ச்சுவரில், எண்ண ஆரம்பித்தேன்.

முற்றம் அமைதியாகிவிட்டது.

"என்ன தம்பி, அடைச்சுக்கிச்சா?" என்றார் வியாபாரி.

பதில் சொன்னால் கணக்குப் போய்விடும். பேசாமல் நின்றேன்.

"எண்ணிக்கிட்டிருக்கான்" என்றாள் ஆத்தா.

"எதை?"

"எனக்கென்ன தெரியும்? வீட்டுலயும் இப்படித்தான் நிப்பான்."

என் முறை வந்தது. பூம் என்று விழுந்தேன். மூட்டை மேலிருந்த கோழி அலறிக்கொண்டு ஓட்டில் ஏறியது. பெண்ணின் அத்தை கொண்டுவந்த காபியில் பாதியைத் தன் சேலையில் கொட்டிக்கொண்டார். மூன்று பூம் முடிந்ததும் மறுபடி மௌனம். இப்படியே பாட்டை முழுசாக முடித்துவிட்டுத்தான் குழலை இறக்கினேன். பாதியில் நிறுத்த எங்களுக்குப் பழக்கமில்லை.

வியாபாரி கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு ஊர்வலத்துல எல்லாருக்கும் முன்னால போனீங்க. நீங்கதான் செட்டுக்குத் தலைவருன்னுல்ல நெனச்சேன்?"

"இல்லைங்க. எனக்கு முன்னால ஆள் நின்னா, கொழலத் தள்ளும்போது அவரு முதுகுல குத்தும். அதான் முன்வரிசையில விடுறது."

"அப்ப மரியாதைக்கு முன்னால விடல. முட்டுற மாடுன்னு முன்னால விட்ருக்காங்க" என்றார். ஆத்தாவின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கி, "சரிம்மா, யோசிச்சுச் சொல்லிவிடுறோம்" என்றார்.

யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு அனுபவம் உண்டு. ஆத்தா தட்டை எடுத்துக்கொண்டாள். நான் குழலைக் கழற்றிப் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன்.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். "இருங்க, பொண்ணு ஒண்ணு கேக்கச் சொல்லுது. நடுநடுவுல ஊதாம நின்னீங்களே, அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"மத்தவங்க வாசிக்கிறதக் கேட்டுக்கிட்டிருந்தேங்க."

"இங்க யாருய்யா வாசிச்சா?" என்றார் வியாபாரி.

"இங்க இல்லைங்க, மனசுக்குள்ள. அவங்க முடிக்காம நாம வாய் வைக்கக் கூடாது."

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணே பேசினாள். "அப்பா, இந்த வீட்டுல நீங்க, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் ஒரே நேரத்துலதான் பேசுவீங்க. ஒருத்தர் முடிக்கட்டும்னு இன்னொருத்தர் காத்திருந்து நான் ஒரு நாளும்..."

"அதுக்கில்லத்தா, நான் என்ன சொல்றேன்னா..." என்று வியாபாரி ஆரம்பித்தார்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆத்தாவும் சிரித்துவிட்டாள். வியாபாரி ஒருமுறை கதவைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் பழக்க தோஷத்தில் அவர் முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். "சரி, நீ சொல்லி முடிம்மா" என்றார்.

"முடிச்சுட்டேன்" என்றாள் பெண்.

தையில் கல்யாணம். எங்கள் செட்டே வந்து வாசித்தது, என் இடம் காலியாக. திறந்த காரில் மாலையோடு உட்கார்ந்திருந்த என்னால் பொறுக்க முடியவில்லை. என் முறை வரும்போதெல்லாம் வாயாலேயே பூம் பூம் என்றேன். பக்கத்தில் தலை குனிந்திருந்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். புகுந்த வீடு போகிற பெண் அழுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஆனால் அவள் ஏமாந்துதான் போனாள். நான் குழலை வாயில் வைத்தால்தான் பேசாமல் இருக்கிறவன். எடுத்துவிட்டால் என்னை நிறுத்த ஆளில்லை. ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "அத்தே, இவரு வீட்டுல எண்ணிக்கிட்டு நிப்பாருன்னு சொன்னீகளே?" என்று ஆத்தாவிடம் நியாயம் கேட்டாள். "ஒன் அப்பன் மட்டும் தலைவருன்னு நெனக்கலாம், நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லக் கூடாதா?" என்றாள் ஆத்தா.

அப்புறம் அவளே ஒரு வழி செய்துகொண்டாள். நாலு பேர் கூடிய இடத்தில் நான் அளந்துகொண்டே போனால், வாசிப்பை அடக்க மாஸ்டர் காட்டுகிற மாதிரி, உள்ளங்கை கீழே பார்க்கக் கையை மெதுவாக அமர்த்துவாள். நான் வாயை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பிப்பேன். எண்ணி முடிப்பதற்குள் பெரும்பாலும் அவளுக்கே பொறுக்காது. "ம், அப்புறம் என்னாச்சு, சொல்லுங்க" என்பாள்.