சரசக்காவின் சேவலும் தைமஸ் செல்களும்

கோழிக்கரு ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி பழுதானால் ஆள் வருவார். கோழி மனம் மாறினால் யாரைக் கூப்பிடுவது? இன்குபேட்டரோடு மல்லுக்கட்டும் சகாக்களே, இது உங்களுக்குத்தான்.

ஒட்டும் சங்கதி

முட்டைக்குள் வளரும் குஞ்சின் கழுத்தில் தைமஸ் என்ற உறுப்பு உருவாகிறது. நோயை எதிர்க்கும் செல்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. அந்த உறுப்பு உருவாகும்போது செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் மூலக்கூறுகளைத்தான் எங்கள் மாணவி நித்யா ஆராய்ந்தாள்.

முட்டை கொடுப்பவர் சுங்கை லாலாங் தோட்டத்துச் சரசக்கா. இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒட்டறதைப் பார்க்கவா இவ்ளோ முட்டை? என் மருமகளுங்க ரெண்டு பேரையும் அனுப்பறேன் தம்பி, ஒட்டாம இருக்கறது எப்படின்னும் பார்த்துக்குங்க."

ரத்தநாளம் இல்லை

நித்யாவின் படிப்புக்குக் கடைசி நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் மீதி நுண்ணோக்கிப் படங்களை எடுக்காவிட்டால் பட்டம் கிடையாது. அந்த நேரம் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முட்டை எதிலும் ரத்தநாளம் தெரியவில்லை. கரு இல்லை.

பழி முதலில் இன்குபேட்டர் மேல் விழுந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் நான் அடுத்த வரிசையில் நின்றேன். பழுது பார்க்க அஸ்மான் வந்தார். மலாய்க்காரர்தான், ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். திருகாணிகளை எல்லாம் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்: "மெசின் பாகூஸ்லா அண்ணே, நல்லாத்தான் ஓடுது. முட்டையைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

சாமி காத்திருக்குமா?

நித்யாவும் நானும் சுங்கை லாலாங் போனோம். கூண்டில் பெட்டைகள் இருந்தன. சேவலைக் காணோம்.

"முனியாண்டிக்குக் கொடுத்துட்டேனே" என்றார் சரசக்கா. நித்யா படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும் என்று அவராகவே நேர்ந்துவிட்ட சேவலாம். சேவல் இல்லாவிட்டால் முட்டையில் கரு ஏது என்று நான் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுவரை அழுதுகொண்டிருந்த நித்யா சிரித்துவிட்டாள்.

"முடிஞ்சப்புறம் குடுத்திருக்கலாமே அக்கா?"

"திருவிழா வந்துடுச்சேம்மா. அடுத்த வருசம் வரைக்கும் சாமியைக் காக்க வைக்க முடியுமா?"

யான் ஊரிலிருந்து வந்தவன்

மறுநாளே சரசக்கா மகனின் காடியில் ஏறி யான் என்ற ஊர் வரை போய், தெரிந்த வயல்காரர் ஒருவரிடம் சேவலைக் கெஞ்சி வாங்கி வந்தார். நாங்கள் கேட்கவே இல்லை. பின்சீட்டை மகன் இன்னும் கழுவிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சில வாரங்களில் முட்டைகளுக்குள் சிவப்பு ரத்தநாளங்கள் ஓடின. நீட்டிப்பு முடியுமுன் நித்யாவின் நுண்ணோக்கியில் சாயமிட்ட தைமஸ் பச்சையாக ஒளிர்ந்தது. செல்கள் ஒட்டிக்கொள்ளும் ஓரமெல்லாம் நிறமேறியிருந்தது. சரசக்காவை அழைத்துக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "இந்தச் சேவலையும் நேர்ந்துக்கிட்டீங்களா அக்கா?" என்று நித்யா பயந்தபடி கேட்டாள்.

"இல்லம்மா, இந்தத் தடவை வெறும் தேங்காய்தான்."

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் சரசக்கா பெயர் பேராசிரியருக்கு முன்னால் இருக்கிறது, என் பெயர் இன்குபேட்டருக்குப் பின்னால். அந்த வரிசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.