ஊட்ட ஆரு பாத்துக்கறது?

பெங்களூர் போகலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் சொல்வேன், என்ன இப்போது.

நாங்கள் நான்கு பேர். சேலத்தில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். படிப்பு முடிந்ததும் ஒருத்தி மோகனூரில் கரும்பு வெள்ளாமைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஒருத்தி எருமப்பட்டிக்குப் போனாள். இன்னொருத்தி அயோத்தியாப்பட்டணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பெண். அடுத்த தெருவிலேயே மாப்பிள்ளை அமைந்ததால் ஊர் மாறவே இல்லை. நான் நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்காரருக்குக் கழுத்தை நீட்டினேன். எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொள்வோமே தவிர, விடுதியை விட்ட பிறகு நான்கு பேரும் ஒரு ராத்திரி கூட ஓரிடத்தில் தங்கியதில்லை.

எங்கள் வாட்ஸப் குரூப்புக்கு ‘நாலு பேரு’ என்று பெயர். வைத்தவள் எருமப்பட்டிக்காரி. “நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு சொல்லிச் சொல்லியே நம்மள வளத்துப்போட்டாங்க. இனி அந்த நாலு பேரு நாமதான்டி” என்றாள். அவளுக்கு எப்போதும் வாய் ஜாஸ்தி.

திட்டம் போட ஆரம்பித்ததும் குரூப் களை கட்டியது. மோகனூர்க்காரிக்கு மெட்ரோ ரயிலில் ஏறி, எங்கேயும் இறங்காமல் கடைசி வரைக்கும் போய் அப்படியே திரும்பி வரவேண்டும். அயோத்தியாப்பட்டணத்துக்காரிக்கு ஏதாவது மொட்டைமாடி ஓட்டலில் உட்கார்ந்து, யாருக்கும் பரிமாறாமல், சூடாக, கடைசி வாய் வரைக்கும் சாப்பிடவேண்டும். எருமப்பட்டிக்காரி பீர் குடிக்கவேண்டும் என்றாள். “நொரைய மட்டும் நக்கிப் பாக்கறேன்டி” என்று குரல் செய்தி அனுப்பினாள். “அல்லாவே, நான் வேற டேபிள்ல உக்காந்துக்கறேன், என்னைத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று பாய் வீட்டுக்காரி பதில் அனுப்பினாள். மூன்று நாளும் சேலை கட்டக் கூடாது, சுடிதார்தான் என்று முடிவானது. நான் மயில் கழுத்து நிறத்தில் ஒன்று வாங்கி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஓட்டலுக்குப் போன் போட்டு, நான்கு கட்டிலும் ஒரே அறையில் இருக்கவேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன்.

எனக்கு இந்தப் பயணம் ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அடுப்படியில் நிற்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்றார்கள். சமையலுக்கு ஓர் அக்காவை வைத்தார்கள். மளிகை, பால், கரண்ட் பில் எல்லாம் மருமகள் கைக்குப் போனது. உடம்பு தேறி நான் எழுந்து வந்தபோது வீடு நான் நடத்தியதை விட நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அடுப்படிக்குள் கால் வைத்தால், “நீங்க ரெஸ்ட் எடுங்கத்தை” என்பாள் மருமகள். பொடி வைத்துப் பேசுகிறவளாக இருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போடலாம். அவள் மெய்யாகவே அக்கறையோடு சொல்வாள். குறை சொல்ல முடியாத மருமகள் வாய்த்தவளின் கஷ்டம் ஒருத்தருக்கும் புரியாது.

பண்ணையை மகன் பார்க்கிறான். அவனுக்கு யோசனை சொல்ல அவன் அப்பா இருக்கிறார். என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பண்ணையில் வேலை செய்த அத்தனை பேருக்கும் வருடக்கணக்கில் பொங்கிப் போட்டவள் நான். இன்றைக்குச் சாம்பாரா ரசமா என்பது இலையைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். குரூப்பில் மட்டும்தான், “ஏன்டி, எந்தப் பஸ்சுல போறது, நீயே சொல்லு”, “நீ சொன்னாச் செரியா இருக்கும்” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று நாளும் எனக்கு அப்படியே வேண்டும் என்று இருந்தது.

எங்கள் பக்கம் பெண்பிள்ளை எங்கே கிளம்பினாலும் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி வரும். ஊட்ட ஆரு பாத்துக்கறது? மற்ற மூன்று பேர் வீட்டிலும் வந்துவிட்டது. மோகனூரில் அவள் வீட்டுக்காரர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். எருமப்பட்டியில் படுக்கையில் கிடக்கிற மாமியார், “நான் சாகற வரைக்கும் பொறுக்க மாட்டயா சாமி” என்று கேட்டதாம். ஒவ்வொருத்தியும் சண்டையை வரி விடாமல் குரூப்பில் ஒப்பித்தாள். நானும் தயாரானேன். கேள்வி வந்தால் என்ன சொல்வது, கோபித்தால் என்ன சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் பேசிப் பார்த்தேன். இத்தனை வருடம் உழைத்தேனே என்ற இடத்தில் குரல் உடையவேண்டும் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன். “ஏனுங்க, பிரண்டுகளோட பெங்களூரு போலாம்னு இருக்கறனுங்க. மூணு நாளு.”

என் வீட்டுக்காரர் செல்போனில் முட்டை விலை பார்த்துக்கொண்டிருந்தார். “செரி, போய்ட்டு வா” என்றார்.

நான் கிளம்பும் நாளைச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார். மருமகள், “சூப்பருங்கத்தை, ஜாலியா போய்ட்டு வாங்க” என்றாள். நான் விடவில்லை. “ஊடு…” என்று இழுத்தேன். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்கத்தை” என்று சொல்லிவிட்டு என் மகனுக்குத் தயிர் ஊற்றினாள்.

அவ்வளவுதான். கேட்டதற்கு மேலாகவே கிடைத்துவிட்டது. எழுந்து கை கழுவப் போனவள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்று அழுதேன். அனுமதி கிடைத்ததற்கு அழுத பொம்பளையை எங்கள் ஜில்லாவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

குரூப்பில் வேறு மாதிரி எழுதினேன். எங்கூட்லயும் பெரிய சண்டைடி, கடைசில ஒத்துக்கிட்டாரு என்றேன். “உங்கூட்டுக்காரருமா? அவரு தங்கமான மனுசனாச்சே” என்று மூன்று பேரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் எனக்கு இதமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிளம்புகிற வாரம் முதலில் மோகனூர்க்காரி கழன்றுகொண்டாள். ஆலையிலிருந்து கரும்பு வெட்ட ஆர்டர் வந்துவிட்டது. “இப்ப உட்டா கரும்பு காஞ்சு போயிரும்டி. வெட்டற ஆளுங்களுக்கு நான் இல்லாம ஆரு சோறாக்கறது?” என்றாள். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு வந்தது கோபம் இல்லை என்று தெரிந்தது. ஒரு கரும்புக்காடு கூட அவளை விடமாட்டேன் என்கிறதே என்று பொறாமையாக இருந்தது.

முந்தின நாள் அயோத்தியாப்பட்டணத்துக்காரி அழுதுகொண்டே கூப்பிட்டாள். மகளுக்குத் தேதிக்கு முன்னாலேயே இடுப்பு வலி எடுத்துவிட்டது. “என்னடி பண்ணுவேன், அம்மா அம்மான்னு என் கைய விட மாட்டேங்குறா” என்றாள். பின்னால் அந்தப் பெண் முனகுவது கேட்டது. நீ மகளைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எருமப்பட்டிக்காரி மட்டும், “நாலு பேரு ரெண்டு பேரு ஆனாலும் போறது போறதுதான்டி” என்றாள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்து உட்கார்ந்தாயிற்று. என் உயிர் அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றது.

கிளம்பின காலையில் என் வீட்டுக்காரரும் மகனும் பண்ணைக்குப் போயிருந்தார்கள். மருமகள் மாடியில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே நின்று, “வாரேன் கண்ணு” என்று குரல் கொடுத்தேன். “செரிங்கத்தை” என்று மேலேயிருந்து பதில் வந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. ஏறிவிட்டேன்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் எருமப்பட்டிக்காரி சுடிதாரிலேயே வந்து நின்றாள். துப்பட்டாவை மாராப்பு மாதிரி இழுத்துச் சொருகியிருந்தாள். அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு முழுதும் நான் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

பஸ் புதன்சந்தை தாண்டுவதற்குள் அவள் போன் அடித்தது. ரசப்பொடி எந்த டப்பாவில் என்று நாத்தனார் கேட்டாள். ராசிபுரம் வருவதற்குள் வீட்டுக்காரர் கூப்பிட்டு மாத்திரையில் எது வெள்ளை, எது மஞ்சள் என்று கேட்டார். பிறகு பேரன் கூப்பிட்டு ஒன்றுமே கேட்காமல் அழுதான். “நிம்மதியா ரெண்டு மணி நேரம் இருக்க உடறாங்களா பாரு” என்று ஒவ்வொரு தடவையும் திட்டினாள். திட்டிவிட்டுப் போனை மடியிலேயே வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி பெங்களூர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருப்போம். அவள் வீட்டுக்காரர் திரும்பவும் கூப்பிட்டார். சத்தமாகப் பேசும் மனிதர், எனக்கும் கேட்டது. “அம்மா வாயே தொறக்க மாட்டீங்குது புள்ள. ஆரு ஊட்னாலும் துப்பிப் போடுது. நீ வந்தாத்தான் திங்குமாம்.”

அவள் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “இந்தக் கெழவி என்னைய உருப்பட உடாது. சாகற வரைக்கும் என்ற கழுத்துலயேதான் தொங்கும்” என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, போயிடாதேடி, தயவு செஞ்சு போயிடாதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வெளியே, “போடி, பெரிய மனுசி பட்டினி கெடக்குது” என்றேன். என் வாய் எப்போதும் நல்லவள் வாயாகத்தான் பேசும்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நீ போய்ட்டு வாடி. ரூமு வேற போட்டிருக்கறே. போட்டோவா அனுப்பு, பாத்துக்கறோம். உனக்கென்ன, குடுத்து வெச்சவ. காலைலருந்து பாக்கறேன், உன்ற போனு ஒருக்கா கூட அடிக்கல” என்றாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. வயிறெரிந்து, மனதார, என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுச் சொன்னாள். அவளை நாமக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

திரும்பி வந்து பெங்களூர் பஸ்ஸுக்கு எதிரே உட்கார்ந்தேன். போகலாமே, யார் தடுத்தார்கள். அப்போதுதான் மனதில் ஒரு கோணல் புத்தி புகுந்தது. வீட்டிலிருந்து ஒரே ஒரு போன் வரட்டும், போகிறேன் என்று நினைத்தேன். எதற்கு வேண்டுமானாலும் சரி. பீரோ சாவி எங்கே, காஸ் புக் எங்கே, எங்க இருக்கற என்று ஒரு கேள்வி. சலித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் தனியாகவே ஏறிவிடுவேன்.

“கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு” என்று கண்டக்டர் கத்தினார். அந்தப் பஸ் போயிற்று. அடுத்ததும் வந்து நின்று, நிரம்பி, போயிற்று. போனைக் கையிலேயே பிடித்திருந்தேன். சத்தத்தை அணைத்து வைத்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். “கண்ணு, என் நெம்பருக்கு ஒரு கால் பண்ணிப் பாரேன், போனு வேலை செய்யுதான்னு தெரியல” என்று கேட்டேன். அவள் போட்டாள். என் கையில் போன் கணீரென்று அடித்தது.

“நல்லாத்தாங்க இருக்குது” என்றாள் அந்தப் பெண்.

ஓட்டலைக் கூப்பிட்டு அறை வேண்டாம் என்றேன். நாமக்கல் பஸ்ஸில் ஏறினேன். இப்படியே எங்கேயாவது இறங்கி நடந்துவிட்டால் என்ன என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். நடந்து எங்கேதான் போவது. செத்தால் கூட எல்லாம் ஒழுங்காகவே நடக்கும், மருமகள் ஒரு குறை வைக்கமாட்டாள் என்று தோன்றியது.

விளக்கு வைத்த நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன். மருமகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் அவளிடம் சொல்லவேண்டியதைக் கோத்து வைத்திருந்தேன். பயணம் ஏன் நின்றது, யாருக்கு என்ன ஆயிற்று என்று எல்லாம். அவள் தலை நிமிர்ந்து என்னையும் பெட்டியையும் பார்த்தாள்.

“அட, பேக்கெல்லாம் எடுத்து வெச்சிட்டீங்களா?” என்று சிரித்தாள். “என்னைக்குங்கத்தை கெளம்பறீங்க?”

காலையிலிருந்து நான் வீட்டில் இல்லை. கோயிலுக்கோ கடைக்கோ போயிருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அல்லது அறையில் ரெஸ்ட் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அவள் மேல் தப்பே இல்லை.

“நாளைக்கு” என்றேன்.

“செரிங்கத்தை. ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்றாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் குரல் கொடுத்தது. வெடுக்கென்று எடுத்துப் பார்த்தேன். குரூப்தான். அயோத்தியாப்பட்டணத்தில் பேத்தி பிறந்துவிட்டது. எருமப்பட்டியில் மாமியார் ரெண்டு இட்லி சாப்பிட்டுத் தூங்கிவிட்டது. மோகனூர்க்காரி, கரும்பு வெட்டினவர்களுக்கு வடித்துக் கொட்டி இடுப்பு ஒடிந்துவிட்டது என்றாள். அப்புறம் கேட்டாள்.

“போய்ச் சேந்துட்டயாடி? ஊட்லருந்து போன் மேல போன் பண்ணித் தொல்லை குடுக்கறாங்களா?”

மூன்று பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் குரலும் மகன் குரலும் கேட்டன. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

“சேந்துட்டேன். ஓயாமக் கூப்படறாங்கடி, உசுர வாங்கறாங்க” என்று எழுதி அனுப்பினேன்.