அம்மா அடித்த கம்பி

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் கொல்லுப்பட்டறையில் ஆயுத பூஜையன்று தீப்பெட்டி எடுத்தால் மானமே போய்விடும். உலையில் படாத கம்பியைப் பட்டடைக்கல்லில் வைத்து, அடித்து அடித்தே சிவக்க வைத்து, அந்த நுனியால்தான் கற்பூரத்தை ஏற்ற வேண்டும். சுரங்கத்தில் பாறை துளைக்கும் கம்பிகளுக்குக் கூர் போடும் கொல்லர்களுக்கு அதில் அப்படியொரு கர்வம்.

வருடா வருடம் அடிப்பவர் என் அப்பா. எனக்கு எட்டு வயதான வருடம் அவருக்கு நாலு அடி அடித்தாலே மூச்சு வாங்கியது. ஃபோர்மன் இதைப் பார்த்து 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் வேலையும் போகும், கம்பெனி குவார்ட்டர்ஸும் போகும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. பொரிகடலை எப்போது தருவார்கள் என்பதுதான் என் கவலை.

பூஜைக்குக் குடும்பத்தோடு எல்லோரும் வந்திருந்தார்கள். ஃபோர்மன் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா சுத்தியலை எடுக்கக் குனிந்தார். அதற்குள் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கே போய்விட்டாள்.

"இந்த வருசம் நானே அடிக்கிறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன் சார்."

"உனக்கு அடிக்க வருமாம்மா?" என்றார் ஃபோர்மன்.

"குடியாத்தத்துல எங்கப்பாவுக்குச் சம்மட்டி போட்டவ சார் நானு," என்றவள் அப்பாவிடம் திரும்பி, "நீங்க கம்பியப் புடிச்சித் திருப்புங்க," என்றாள்.

அடித்தாள் பாருங்கள், அம்மாடி! மூச்சு விட இடமில்லாத அடி. அப்பா ஒவ்வோர் அடிக்கும் கம்பியைப் புரட்டிக் கொடுத்தார். கருத்த நுனி மெல்ல மெல்லச் செக்கச் சிவந்தது. அப்பா அதைக் கற்பூரத்தில் வைத்தார், குப்பென்று பிடித்துக்கொண்டது. ஃபோர்மனே எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தினமும் எனக்குத் தலைவாரிவிடும் கையா இது என்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பும் வழியில் அப்பா தலையைக் குனிந்தபடியே நடந்தார். பாவம், அவருடைய சான்ஸை அம்மா தட்டிப் பறித்துவிட்டாளே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அடுத்த வருசம் அம்மாக்கு முன்னாடி நீங்க வேண்டிக்கோங்கப்பா."

அப்பா சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் எந்தச் சாமியிடமும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.