வாள்கூடமும் ஒரு பருவத் தடையும்

வியாழக்கிழமை மாலை, வேலை விட்டு நான் திரும்பும் நான்காம் எண் ட்ராமில் ஒரு பெண் வாளோடு ஏறுவாள். நீளமான கறுப்புப் பை, ஜிப்பில் சின்னப் பூட்டு. கைப்பிடியின் உருண்டைக் குமிழ் துணியை முட்டிக்கொண்டு வெளியே தெரியும். பையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அதன் தலையில் தன் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். டிக்கெட் பரிசோதகர் தோளைத் தொட்டு எழுப்புவார். அவர் கேட்பது டிக்கெட்டை மட்டும்தான். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் பஸ்ஸில் ஒருவன் இப்படி ஒரு பையோடு ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்ப்பேன். திருப்பாலைவனம் வருவதற்குள் பாதிக் கூட்டம் இறங்கிவிடும். மீதிக் கூட்டம் அவன் எந்த ஊர்க்காரன் என்று விசாரித்துக்கொண்டிருக்கும்.

நான் வடக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அதற்கு முன் காட்டுப்பள்ளியில் அதே வேலை. அதற்கும் முன், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எங்கள் குப்பத்தில் நைனாவோடும் அண்ணனோடும் படகில் போனவன். இங்கே என்னோடு வேலை செய்யும் டோபியாஸ் ஒருநாள் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினான். பதினாறு வாள்களைச் செங்குத்தாக நிறுத்தி வைக்க ஓர் இரும்புத் தாங்கி வேண்டுமாம், பற்ற வைத்துத் தர முடியுமா என்றான். எதற்கு என்று கேட்டேன். "நாங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் சண்டை போடுகிறோம்" என்றான், கோயிலுக்குப் போகிறோம் என்பதைப் போல.

தாங்கியை ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்ததும் இரும்போடு இரும்பு மோதும் சத்தம். ட்ராமில் தூங்குகிற பெண்தான் நடுவில் நின்று இருபது பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் ஹன்னா. என்னைவிடப் பத்து வயது சிறியவள். எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவருபவளும் அவள்தான். அவளிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் ரொட்டிக்கடைக்காரர், இரண்டு பேர் ஓய்வு பெற்ற ஆசிரியைகள்.

என்னை வியக்க வைத்தது வாள் அல்ல, அவர்கள் அதைக் கற்றுக்கொண்ட விதம். ஐந்நூறு, அறுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதி வைத்த கையேடுகள்தான் அவர்களுக்கு ஆசான். பழைய ஜெர்மன் மொழி, மங்கிப்போன படங்கள். ஆசானிடமிருந்து மாணவனுக்கு என்று வந்த தொடர்ச்சி நடுவில் அறுந்துபோய்விட்டதால் செய்து காட்ட ஆள் கிடையாது. இரண்டு வரிக்குப் பொருள் தெரியாமல் ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். பிறகு இரண்டு பேர் எழுந்து, ஆளுக்கொரு பொருளை வாளால் செய்து பார்ப்பார்கள். எது வேலை செய்கிறதோ அதுதான் அந்த வரியின் பொருள். நிற்கும் நிலைகளுக்குப் பெயர்கள் உண்டு. வாளைத் தலையோரம் கொம்பு மாதிரி பிடித்தால் 'ஓக்ஸ்', அதாவது காளை. இடுப்போரம் தாழ்த்திப் பிடித்தால் 'ப்ஃப்லூக்', அதாவது ஏர். காட்டூர் வயல்களில் நான் பார்த்த காளையும் ஏரும் இந்த ஊர்ச் சண்டையில் என்ன செய்கின்றன என்று எனக்கு முதல் மாதம் முழுக்க ஆச்சரியம்.

நானும் சேர்ந்துகொண்டேன். புதியவர்களுக்கு நைலான் வாள். என் முதல் பாடத்தில் ஹன்னா எதிரே நின்று, "டூ முஸ்ட் மிஷ் ட்ரெஃபன்" என்றாள். மொழி வகுப்பில் 'ட்ரெஃபன்' என்றால் சந்திப்பது என்று படித்திருந்தேன். என்னை நீ சந்திக்க வேண்டும் என்கிறாள். மரியாதையாக, "எங்கே, எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். கூடமே சிரித்தது. ஹன்னா தன் முகக்கவசத்தின் உச்சியைத் தட்டி, "இங்கே, இப்போதே" என்றாள். அந்தச் சொல்லுக்கு அடிப்பது என்றும் பொருளாம். அடிப்பதற்கும் சந்திப்பதற்கும் ஒரே சொல் வைத்திருக்கிற சனங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து இரும்பு வாள். அதை 'ஃபெடர்' என்கிறார்கள், இறகு என்று பொருள். கூர் கிடையாது, முனை உருண்டையாக மழுக்கப்பட்டிருக்கும், குத்தினால் வளைந்துகொடுக்கும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்து, மோதலில் எழும்பிய பிசிறுகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு கவசங்கள். கம்பி வலை போட்ட முகமூடி, அதன்மேல் பின்மண்டையை மூடும் தோல் உறை, தொண்டைக்குத் தனிக் காப்பு, குத்து உள்ளே இறங்காத தடித்த பஞ்சுச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கையுறை. விரல் ஒவ்வொன்றின் மேலும் கெட்டித் தகடுகள், நண்டின் கால் ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதைப் போட்டுக்கொண்டால் நம் முகமூடியின் வாரை நாமே இழுத்து மாட்ட முடியாது. யாரோடு மோதப்போகிறோமோ அவர்தான் மாட்டிவிடுவார். சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு, நான்கு அடி பின்னால் போய் நம்மை அடிக்க வாளை ஓங்குவார்.

அங்கே நடுவர் இல்லை. யார்மேல் அடி பட்டதோ அவர்தான் கை தூக்கி, எங்கே பட்டது என்று சொல்ல வேண்டும். அடித்தவர் வாய் திறக்கக் கூடாது. பல் மருத்துவர் தூக்குவார், ஆசிரியைகள் தூக்குவார்கள். யாரும் பார்த்திருக்க வாய்ப்பே இல்லாத அடிக்கும் தூக்குவார்கள்.

கையுறை வாங்கும்போது மலிவானதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹன்னா தன் இடது மோதிர விரலைக் காட்டினாள். மேல் கணு லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. "மெல்லிய கையுறை போட்டிருந்தேன். உடைந்துவிட்டது."

"யார் அடித்தது?"

"டோபியாஸ்" என்று அவனைக் கைகாட்டினாள். அவன் அங்கேதான் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தான். "அன்று நான்கு பேர் சேர்ந்து மோதிக்கொண்டிருந்தோம். யார் வாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இவன்தான் வாளைக் கீழே வைத்துவிட்டு, நான்தான், வேகத்தை அடக்காமல் விட்டேன் என்று ஓடிவந்தான். ஆறு வாரம் தினமும் காலையில் வந்து எனக்குத் தலை பின்னிவிட்டான். கேவலமாகப் பின்னுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் எல்லப்பனுக்கும் இடது கையில் இரண்டு விரல்கள் அப்படித்தான் இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன், ஏரியில் அன்றைக்கு வலை போடும் முறை யாருடையது என்பதில் எங்கள் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் கரையில் அடிதடி. படகு தள்ளும் கழிகளே ஆயுதம். நான் காட்டுப்பள்ளியிலிருந்து லீவில் வந்திருந்தேன். கூட்டத்தில் என் பக்கவாட்டில் ஒரு கழியும் அதைப் பிடித்த ஒரு கையும் நீண்டன. யாருடைய கை என்று பார்க்காமல் என் கழியை இறக்கினேன். அண்ணன் குரல்தான் கேட்டது. அவர் மண்ணில் சுருண்டபோது அவர் பக்கத்தில் கழியோடு நின்றவர் பக்கத்துக் குப்பத்து மாசிலாமணி.

இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்தார்கள். "நான் அடிச்சிருந்தா அடிச்சேன்னு சொல்வேன்" என்று மாசிலாமணி திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பருவம் முழுக்க அவர் ஏரியில் வலை போடக் கூடாது என்று தீர்ப்பானது. நான் அண்ணனின் கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். நான்காம் மாதம் விமானம் ஏறிவிட்டேன்.

ஹன்னாவோடு நான் இரும்பு வாளில் மோதிய இரண்டாவது வாரம், அவள் வாள்முனை என் முழங்கைக்கு உள்பக்கம் தொட்டுவிட்டுப் போனது. தடித்த சட்டைக்கு மேல், பூ விழுந்த மாதிரி. யாரும் பார்க்கவில்லை. நான் கை தூக்கவில்லை. ஹன்னா ஒரு மூச்சு நேரம் நின்றாள். வாளில் அவளுக்குத் தெரிந்திருக்கும், உரசினால் கைக்குத் தெரிந்துவிடும். பிறகு வாளைத் தூக்கி மறுபடி நிலைக்கு வந்தாள். கம்பி வலைக்குப் பின்னால் என் முகம் எரிந்தது. அன்றைக்கு அரம் போடும் வேலையைக்கூடச் செய்யாமல் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனுக்கு போன் செய்தேன். அங்கே உச்சிவெயில், வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா சேகரு, நல்லாக்கீறியா?"

"அண்ணா, உன் கைய ஒடச்சது மாசிலாமணி மாமா இல்ல. நான்தான்."

"பாத்து அடிச்சியா, பாக்காம அடிச்சியா?" என்றார்.

"பாக்காமதான்."

"அப்போ பாக்காம அடிச்ச. சரி. அப்பால ஏழு வருசமா பாத்துக்கினேதானடா இருந்த?" போனை வைத்துவிட்டார்.

பதினோரு நாள் அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவரே கூப்பிட்டார். "எங்கிட்ட சொன்னா ஆச்சா? அந்த மனுசன்கிட்ட யாரு சொல்றது? வந்து நேர்ல சொல்லு." அவ்வளவுதான் பேச்சு.

கோடை லீவில் போனேன். இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் கோயில் முன்னால் மறுபடி உட்கார்ந்தார்கள். காலை எட்டு மணிக்கே மணல் சுட்டது. என்மேல் ஒரு கவசமும் இல்லை. எழுந்து நின்று சொன்னேன், நான்தான் அடித்தேன், தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்று. எங்கள் ஊர்த் தலைவர், "இத்தினி வருசம் கழிச்சு இன்னாத்துக்குப்பா சொல்ற?" என்று கேட்டார். ஜெர்மனியில் வாள் பழகுகிற ஒரு கூடத்தைப் பற்றி அங்கே எப்படிச் சொல்வது? "சொல்லாம இருக்க முடியல" என்றேன்.

மாசிலாமணி எழுந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன். ஒருத்தன் நம்பல. எம் பொண்டாட்டியே நம்பல. இன்னாத்துக்குய்யா பொய் சொல்றேன்னு கேட்டா." பிறகு என்னைப் பார்த்தார். "மொதல்ல வூட்டுக்கு வா. அவகிட்ட சொல்லு."

மொத்தக் கூட்டமும் எங்கள் பின்னால் நடந்தது. நண்டு கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவே இல்லை, புருஷன் முகத்தையே பார்த்தார். "சொன்னியே" என்றார் அவரிடம், மெதுவாக. "நீ சொன்னியேய்யா." மாசிலாமணி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாசலில் நான் கண்டதைப் போன்ற ஒன்றை எந்த நாட்டிலும் கண்டதில்லை.

கோயிலுக்குத் திரும்பியதும், எனக்கு என்ன தண்டனை என்ற பேச்சு வந்தது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். மாசிலாமணி சொன்னார்: "எனக்குக் குடுத்ததையே அவனுக்கும் குடுங்க. ஒரு பருவம் ஏரில வலை போடக் கூடாது." சிலர் சிரித்தார்கள். வலையைத் தொட்டு எட்டு வருஷம் ஆனவன் நான். ஆனால் மாசிலாமணி சிரிக்கவில்லை, தலைவர்களும் சிரிக்கவில்லை. மழை தொடங்கி இறால் பருவம் முடியும்வரை சேகர் ஏரியில் இறங்கக் கூடாது என்று இரண்டு ஊர் சார்பிலும் சொல்லப்பட்டது. ஏரியில் பங்கு இல்லாதவனுக்குத் தடை போட மாட்டார்கள். நான் விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்த வலை போடும் முறை, இத்தனை வருஷமும் என் பெயரில் அப்படியே இருந்திருக்கிறது.

கிளம்பும் நாள் விடிகாலை அண்ணனோடு கரைவரை போனேன். அவர் படகைத் தள்ளிவிட்டு ஏறினார். வளைந்த இரண்டு விரல்களும் கயிற்றில் சேராமல் தனியே நின்றன. "பருவம் இன்னும் ஆரம்பிக்கல. வேணும்னா ஏறிக்க" என்றார். ஐந்து வார்த்தைதான், ஆனாலும் சிரித்தபடி சொன்னார். ஏறினேன்.

இப்போது இங்கே அக்டோபர். ஊரில் மழை பிடித்துவிட்டது என்று அண்ணன் சொன்னார். ஊரிலிருந்து திரும்பிய அடுத்த வியாழனே கூடத்துக்குப் போய், அன்று முழங்கைக்கு உள்பக்கம் பட்டது என்று ஹன்னாவிடம் சொன்னேன். எது, எப்போது என்று அவளுக்கு நினைவே இல்லை. ஆனாலும் வாளைத் தூக்கி வணக்கம் வைத்தாள்.

போன சனிக்கிழமை டோபியாஸ் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனான். இரண்டு தூண்டில் கொண்டுவந்திருந்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன். எனக்குத் தடை இருக்கிறது என்றேன்.

"மீன்பிடி லைசென்ஸ் இல்லையா?" இங்கே அதற்குப் பரீட்சை எழுத வேண்டும்.

"லைசென்ஸ் இருக்கிறது. ஊர் தடை போட்டிருக்கிறது."

"எந்த ஊர்?"

"எங்கள் ஊர்தான்."

அவன் குழம்பிப்போய், அக்கரையில் தெரிந்த நகரசபைக் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுத் தன் தூண்டிலை வீசினான். நான் குளிருக்குக் கைகளைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, தண்ணீரைத் தொடாமல், கரையில் உட்கார்ந்திருந்தேன்.